நாட்டின் காவலில் நமக்கும் பங்குண்டு!



2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் அப்பாவிகள் 26 பேர் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரர்களைத் தடுக்க முனைந்து உயிரை விட்ட குதிரைக்காரரான ஒரு காஷ்மீர் முஸ்லிம் இளைஞரும் அவர்களில் ஒருவர். அதையடுத்து மே 7 முதல் 10 வரை நான்கு நாட்கள் இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணைகளாலும் டிரோன்களாலும் மோதிக்கொண்டன. அந்த நாட்களில் இந்திய ராணுவத்தின் குரலாக நாட்டு மக்கள் முன் வந்து நின்றவர் யார்? கர்னல் சோஃபியா குரைஷி. நம் சமுதாயத்தின் மகள்.

அந்தப் பெருமையை நாம் அனுபவித்து முடிப்பதற்குள், மத்தியப் பிரதேச அமைச்சர் ஒருவர் மேடையேறி, அந்த ராணுவ அதிகாரியைப் பயங்கரவாதிகளோடு உறவுபடுத்தும் வகையில் பேசினார். அம்மாநில உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவர்மீது வழக்குப் பதிவு செய்ய உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றமும் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. நீதி முற்றிலும் செத்துவிடவில்லை என்பதற்கு இது சாட்சி. ஆனாலும் நம் நெஞ்சில் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. நாட்டின் சீருடை அணிந்து, கர்னல் பதவி வரை உயர்ந்தவருக்கே இந்த நிலை என்றால், கடை வீதியில் ஜவுளி விற்கும் சாதாரண முஸ்லிமின் நிலை என்ன?

எல்லையில் ஒரு குண்டு வெடித்தால் போதும், நம் கடைக்கு வரும் வாடிக்கையாளரின் பார்வை மாறுகிறதா என்று நாம் கவனிக்கத் தொடங்கிவிடுகிறோம். "ராணுவ வேலைக்கு மனுப் போடேன்" என்று தம்பியிடம் சொன்னால், "நம்மை எல்லாம் எடுக்கவா போகிறார்கள்?" என்று கேட்டுவிட்டு வளைகுடா விசாவுக்கு அலைகிறான். இந்த ஒதுங்கல் நமக்கு நஷ்டம். நாட்டுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். ஒரு நாட்டின் ராணுவ வலிமை என்பது எத்தனை பீரங்கி, எத்தனை விமானம் என்ற கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. ஆயுதம், பயிற்சி, நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்ததே வலிமை. முதல் இரண்டையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். மூன்றாவதை வாங்க முடியாது. இதை நமக்குக் கற்றுத்தர வேறு ஊர் தேவையில்லை. நாம் வாழும் இந்தப் புதுச்சேரியின் வரலாறே போதும்.

அடையாற்றங்கரை சொன்ன பாடம்

1746 ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார்கள். அதை மீட்க ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் தன் மகன் மஹ்ஃபூஸ் கான் தலைமையில் சுமார் 10,000 வீரர்களை அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து பாரதி என்ற தளபதியின் கீழ் புறப்பட்ட பிரெஞ்சுப் படையோ சுமார் 1,000 பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் ஐரோப்பியர் அல்லர். பிரெஞ்சுக்காரர் பயிற்சி கொடுத்த நம் நாட்டுச் சிப்பாய்கள்! அவர்களில் முஸ்லிம்கள் ஏராளம்.

அடையாற்றை நடந்தே கடந்து, வரிசை குலையாமல் மாறி மாறிச் சுட்டுக்கொண்டே அவர்கள் முன்னேறினார்கள். நவாபின் பீரங்கிகள் ஒருமுறை வெடித்தபின் மறுமுறை வெடிக்க நெடுநேரம் ஆயிற்று. யானை, குதிரை, கொடி, மேளம் எல்லாம் இருந்தும் பத்து மடங்கு பெரிய படை சிதறி ஓடியது. எண்ணிக்கை தோற்றது, பயிற்சி வென்றது. இந்த மண்ணை ஐரோப்பியர் அடிமைப்படுத்த முடியும் என்ற துணிச்சல் அவர்களுக்குப் பிறந்த இடங்களில் அந்த ஆற்றங்கரை முக்கியமானது.

இதில் நம்மை வெட்கப்பட வைக்கும் உண்மை எது? வென்ற படையில் துப்பாக்கி பிடித்த கைகளும் நம்முடையவை, தோற்ற படையில் வாள் பிடித்த கைகளும் நம்முடையவை. ஆனால் வெற்றியோ டூப்ளேக்குச் சொந்தமானது! வீரம் நம்மிடம் இருந்தது. அந்த வீரத்துக்கு முறையான பயிற்சியும் நவீன ஆயுதமும் கொடுத்து, அதைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ளும் அரசுதான் நமக்கு இல்லாமல் போனது.

யூசுஃப் கானின் கதையைப் பாருங்கள். மருதநாயகம் என்று மக்கள் அறிந்த அந்த மாவீரன் ஆங்கிலேயரின் சிப்பாய்ப் படைக்கே தளபதியாக உயர்ந்தான். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயருக்குப் பெருந்துணையாக நின்றான். மதுரையை ஆண்டு, தன் காலில் நிற்க முனைந்தபோது அதே கம்பெனி அவன்மீது படையெடுத்தது. உடனிருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டான். அந்நியனுக்காக வாள் சுழற்றியவனுக்கு அந்நியன் கொடுத்த கூலி அது.

நம்பிக்கையை மிதித்தால் என்ன நடக்கும்?

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள்? நெற்றியில் மதச் சின்னம் கூடாது, தாடி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று மதராஸ் படைத் தலைமை உத்தரவிட்டது. நாமம் இட்ட இந்துச் சிப்பாயும் தாடி வைத்த முஸ்லிம் சிப்பாயும் ஒரே இரவில் ஒன்றாக எழுந்தார்கள். ஆங்கிலேயரிடம் அன்று துப்பாக்கிக்குக் குறைவில்லை, பயிற்சிக்கும் குறைவில்லை. நம்பிக்கைதான் இல்லை! சிப்பாயின் மனத்தை மிதித்த ராணுவம், தன் கோட்டைக்குள்ளேயே தாக்கப்பட்டது.

நம் கடற்கரைச் சாலையில் நிற்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைத் தினமும் கடந்து போகிறோம். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த நம் ஊர்க்காரர்களை 'சொல்தா' என்று அழைப்போம். முதல் உலகப் போரிலும், இந்தோசீனத்திலும் அவர்கள் போரிட்டார்கள். பிரான்ஸ் அனுப்பிய பென்ஷனால் இவ்வூரில் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. காரைக்கால், புதுச்சேரி முஸ்லிம் வணிகர்களும் அதே காலத்தில் சைகோனில் கடை வைத்து வாழ்ந்தார்கள். 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் அந்நகரில் இன்றும் நிற்கிறது. சொல்தாக்களின் உழைப்பை நாம் இகழவில்லை. ஆனால் விடுதலை கேட்ட வியட்நாம் மக்களுக்கு எதிராக, தானே அடிமையாக இருந்த ஒருவன் துப்பாக்கி தூக்க நேர்ந்ததே, அந்தக் கொடுமையை மறக்க முடியுமா? சொந்த நாட்டுக்கு ராணுவம் இல்லாதவன், அடுத்தவன் ராணுவத்தில் கூலிக்குப் போகிறான்.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைந்தது. அன்றிலிருந்து இந்நாட்டின் ராணுவம் நம்முடைய ராணுவம். அதில் நாம் விருந்தாளிகள் அல்லர், பங்காளிகள்!

பங்காளிகள் என்பதற்குச் சாட்சிகள்

பிரிவினையின்போது பிரிகேடியர் முஹம்மத் உஸ்மானுக்குப் பாகிஸ்தான் உயர்பதவி காத்திருந்தது. அவர் போகவில்லை. கைவிட்டுப்போன ஜங்கரை மீட்கும் வரை கட்டிலில் படுக்க மாட்டேன் என்று சபதமிட்டு, தரையில் படுத்தார். மீட்டார். 1948 ஜூலை 3 அன்று அங்கேயே உயிர் நீத்தார். மகாவீர் சக்ரா பெற்ற அவருடைய அடக்கத்தலம் டெல்லி ஜாமிஆ மில்லியாவில் இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் ஒரு தையற்காரக் குடும்பத்தில் பிறந்த ஹவில்தார் அப்துல் ஹமீது, 1965 செப்டம்பரில் கேம்கரண் பகுதியில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை எதிர்கொண்டு தகர்த்தார். உயிரைக் கொடுத்து, பரம்வீர் சக்ரா பெற்றார். 1999 கார்கில் போரில் துர்துக் பகுதியில் கேப்டன் ஹனீஃபுத்தீன் வீரமரணம் அடைந்தார். 1978 முதல் 1981 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் இத்ரீஸ் ஹசன் லத்தீஃப்.

நம் தமிழ் மண்ணின் அப்துல் கலாமை மறக்க முடியுமா? இராமேசுவரத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். விமானப்படையில் விமானியாக ஆசைப்பட்டு டேராடூனுக்குத் தேர்வுக்குப் போனார். எட்டு இடங்கள், அவருக்குக் கிடைத்ததோ ஒன்பதாவது இடம். 'நம்மை எடுக்க மாட்டார்கள்' என்று அவர் ஊர் திரும்பி ஒடுங்கவில்லை. 1983இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். 1989 மே 22 அன்று அக்னி பறந்தது. 2002இல் அவர் குடியரசுத் தலைவரானார். அரசியல் சட்டப்படி முப்படைகளுக்கும் உச்சத் தலைவர்! விமானம் ஓட்டும் வாய்ப்பு ஒரே ஓர் இடத்தில் தவறியவருக்கு, அந்த விமானப்படையே சல்யூட் அடித்தது.

கணக்குக் கேட்பது தேசத்துரோகமா?

வணிகப் பெருமக்களே, உங்களுக்குப் புரியும் மொழியில் பேசுவோம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கிய தொகை 6,81,210 கோடி ரூபாய். அரசு செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 13 ரூபாய் 45 காசு. அதில் புதிய ஆயுதம், கப்பல், விமானம் போன்ற மூலதனச் செலவுக்குச் சுமார் 1,80,000 கோடி. பென்ஷனுக்கு மட்டும் 1,60,795 கோடி. நேரு வீதியிலும் காந்தி வீதியிலும் நாம் கட்டும் ஜி.எஸ்.டி.யும் இதில் சேர்ந்துதான் இருக்கிறது. முதல் போட்டவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டா, இல்லையா?

ராணுவ ரகசியத்தை யாரும் கேட்கவில்லை. கொள்கையைக் கேட்கிறோம். பென்ஷன் சுமையைக் குறைக்கவும் படையை இளமையாக வைக்கவும் என்று சொல்லி 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் விவாதித்து, மக்கள் கருத்தறிந்து கொண்டுவந்த திட்டம் அல்ல அது. அறிவிக்கப்பட்டபடி, நான்கு ஆண்டுப் பணி, நூற்றுக்கு 25 பேர் வரை மட்டுமே நிரந்தரம். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி, பென்ஷன் இல்லை. நான்கே ஆண்டில் வீட்டுக்கு அனுப்பப்படும் இளைஞனின் மனத்தில், பதினைந்து ஆண்டு பணியாற்றியவனிடம் இருந்த பிடிப்பு இருக்குமா? இதை ராணுவத்தில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவர்களே கேட்டார்கள். அவர்கள் கேட்டால் அக்கறை, நாம் கேட்டால் துரோகமா?

அடுத்தது நம்முடைய பங்கு பற்றியது. 2005இல் அமைக்கப்பட்ட நீதிபதி சச்சார் குழு, முஸ்லிம்கள் எங்கே நிற்கிறார்கள் என்று துறைதோறும் கணக்கெடுத்தது. முப்படைகளின் பக்கம் திரும்பியபோது பெரும் கூச்சல் எழுந்தது. 2006 நவம்பரில் வந்த அறிக்கையில் அந்தக் கணக்கு மட்டும் இடம்பெறவில்லை. "ராணுவத்தில் மதம் பார்ப்பதில்லை, தலை எண்ணினால் ஒற்றுமை கெடும்" என்பது எதிர்த்தவர்கள் சொன்ன காரணம். அதில் ஒரு நியாயம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. பதுங்கு குழியில் தோளோடு தோள் நிற்பவர்கள் ஒருவரையொருவர் மதம் கேட்கக் கூடாதுதான். ராணுவத்தில் இடஒதுக்கீடு வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை.

ஆனால் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்பதை எண்ணிப் பார்க்காமல் எப்படி அறிவது? ஆள் சேர்ப்பு முகாம்கள் பற்றிய செய்தி நம் குடியிருப்புகளுக்கு வருகிறதா? வழிகாட்டி மையங்கள் உண்டா? 2016 டிசம்பரில், விமானப்படையில் தாடி வைக்க அனுமதி கோரிய முஸ்லிம் வீரர்களின் மனுக்களை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை மதிக்கிறோம். அதே சமயம் வேலூரின் பாடத்தையும் நினைவூட்டுகிறோம். ஒழுங்கும் நம்பிக்கையும் மோதிக்கொள்ளாத வழியைத் தேடுவது ஆட்சியாளர்களின் கடமை.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, மதீனாவைச் சூழ்ந்து பெரும்படை வருகிறது. என்ன செய்வது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்கிறார்கள். அகழ் தோண்டலாம் என்று யோசனை சொன்னவர் யார்? அரபியர் அல்லர். பாரசீகத்திலிருந்து வந்த சல்மான் (ரலி) அவர்கள். 'இவன் அந்நியன், இவன் சொல்வதை நம்பலாமா?' என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அரபு நாடு அதுவரை கண்டிராத அந்த யோசனை ஏற்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களே பசியோடு மண் சுமந்தார்கள். ஊரே சேர்ந்து தோண்டியது. வந்த படை அகழியைத் தாண்ட முடியாமல் திரும்பியது.

பாதுகாப்புக் கொள்கைக்கு இதைவிடச் சிறந்த பாடம் உண்டா? தலைவன் ஆலோசனை கேட்க வேண்டும். திறமை எங்கிருந்து வந்தாலும் நம்ப வேண்டும். சுமையைத் தலைவனும் சுமக்க வேண்டும். ஊரில் ஒருவரும் ஒதுக்கப்படக் கூடாது. திருக்குர்ஆனின் அன்ஃபால் அத்தியாயம் பலத்தைத் திரட்டிவைக்கப் பணிக்கிறது. அதற்கு அடுத்த வசனமே, எதிரி சமாதானத்தை நாடினால் நாமும் நாடவேண்டும் என்கிறது. தயார்நிலையும் சமாதானமும் அடுத்தடுத்து நிற்கின்றன. போர் வெறிக்கு அங்கே இடமில்லை.

ஆகவேதான் ஆயுத ஏற்றுமதி பற்றியும் கேட்கிறோம். 2013-14இல் 686 கோடியாக இருந்த இந்தியாவின் ராணுவத் தளவாட ஏற்றுமதி, 2024-25இல் 23,622 கோடியாக உயர்ந்தது. சொந்தமாகச் செய்யும் திறன் வளர்வதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அது யார் கைக்குப் போகிறது, எந்தக் குழந்தையின் தலையில் விழுகிறது? காஸா எரிந்தபோது இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பத் தடை கோரிய மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை என்றது. அப்படியானால் அரசைத்தான் கேட்க வேண்டும். அரசைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம்தானே!

இனி செய்ய வேண்டியது

இளைஞர்களே! பள்ளியிலும் கல்லூரியிலும் என்.சி.சி.யில் சேருங்கள். அதன் 'சி' சான்றிதழுக்கு ராணுவச் சேர்க்கையில் தனி மதிப்பெண் உண்டு. பிளஸ் டூ படிக்கும்போதே தேசியப் பாதுகாப்பு அகாடமி தேர்வை எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2021 உத்தரவுக்குப் பின் நம் சகோதரிகளும் எழுதலாம். அங்கே பயின்ற முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் வெளிவந்துவிட்டது. அக்னிவீர் திட்டத்தின் குறையைத் தட்டிக்கேட்போம். அதே சமயம் தகுதியுள்ள தம்பி அதற்கும் மனுப் போடட்டும். அந்த 25 பேரில் ஒருவனாக வரும் அளவுக்கு உழைக்கட்டும். விண்ணப்பிக்காதவனை யாரும் நிராகரிக்கவில்லை. அவனே தன்னை நிராகரித்துக்கொண்டான்.

வணிகர்களே! ராணுவம் துப்பாக்கி மட்டுமா வாங்குகிறது? காலணி, துணி, கூடாரம், உணவு, மின்சாதனம், இரும்புச் சாமான் எல்லாம் வாங்குகிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 25 விழுக்காடு சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வரவேண்டும் என்பது அரசின் கொள்முதல் விதி. உத்யம் பதிவும், அரசின் மின்சந்தையான ஜெம் தளத்தில் பதிவும் இருந்தால் டெண்டரில் கலந்துகொள்ளலாம். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை இணைத்துத் தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில்வழித்தடம் அமைந்திருக்கிறது. தட்டாஞ்சாவடியிலும் சேதராப்பட்டிலும் பட்டறை வைத்திருப்பவருக்கு அது எட்டாத தூரமா? ஆம்பூர், வாணியம்பாடி சகோதரர்கள் தோல் தொழிலில் உலகச் சந்தையைப் பிடித்தது பிறர் வீட்டுக்கு வந்து அழைத்ததாலா?

ஜமாஅத் நிர்வாகிகளே! முல்லா வீதி முதல் சுல்தான்பேட்டை, காரைக்கால் வரை ஒவ்வொரு முஹல்லாவிலும் ஆள் சேர்ப்பு அறிவிப்புகளைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். ஜும்ஆவுக்குப் பின் இரண்டு நிமிடம் அறிவியுங்கள். ஓட்டப் பயிற்சிக்கு ஒரு மைதானமும், தேர்வுப் பயிற்சிக்கு ஓர் ஆசிரியரும் ஏற்பாடு செய்ய எத்தனை செலவாகிவிடும்? ஒரு வலீமா விருந்தின் செலவில் பாதி!

புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர். அந்த இருவரிடமும் நாம் கட்சி பாராமல் கேட்க வேண்டியவை மூன்று. பாதுகாப்புத் துறை நிதி ஒதுக்கீட்டை விவாதமின்றி நிறைவேற்ற விடாதீர்கள். அக்னிவீரர்களாகப் போய்த் திரும்பும் இளைஞர்களின் மறுவாழ்வுக்கு உறுதி வாங்கித் தாருங்கள். ஆள் சேர்ப்பு முகாம்களின் செய்தி சிறுபான்மையினர் வாழும் பகுதிகளுக்கு முறையாக வந்துசேர வழிசெய்யுங்கள்.

சொந்தங்களே! பிரெஞ்சுக்காரன் நம் முன்னோர் கையில் துப்பாக்கி கொடுத்தான், நாட்டைக் கொடுக்கவில்லை. இன்று நாடு நம்முடையது. உஸ்மானின் ரத்தமும் ஹமீதின் ரத்தமும் அதற்கு எழுதிய பத்திரம். தேசபக்திச் சான்றிதழை எவரிடமும் போய் இரந்து நிற்க மாட்டோம். ஒடுங்கி ஒதுங்கவும் மாட்டோம். கேள்வி கேட்போம், தகுதி வளர்ப்போம், இடம் பிடிப்போம்.

எல்லையில் நிற்கும் எல்லா வீரர்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆட்சியாளர்களுக்கு நீதியையும், நம் இளைஞர்களுக்கு ஊக்கத்தையும், அண்டை நாடுகளுக்கு அமைதியையும் தந்தருள்வானாக. ஆமீன்!